கையுறையோடு முடுக்காத போல்ட்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். நீ சுகமா என்று கேட்கமாட்டேன், கேட்டால் "நல்லா இருக்கேன்மா" என்று கூசாமல் பொய் சொல்வாய். உன் இரண்டு விரல் பனியில் மரத்துக் கறுத்துப்போனதை உங்கள் முகாம் டாக்டரம்மா போனில் சொல்லித்தான் பெற்றவளுக்குத் தெரியவேண்டுமா? நான் கூப்பிட்டால் லைன் சரியில்லை என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம், முழுசாகப் படி.

வயிறு எரிகிறது எனக்கு. துருவத்துக்குப் போகிற எந்த இரும்புக் கட்டடத்தையும் நம் பட்டறை முற்றத்தில் முழுசாகக் கோத்துப் பார்த்து, பிரித்து, நம்பர் போட்டுத்தான் அனுப்புவோம். கோக்கிற எல்லாரும் தடிக் கையுறை போட்டிருக்கவேண்டும், அந்தக் குளிரில் வெறுங்கை ஆகாது என்பது உன் அப்பா காலத்துச் சட்டம். இந்தத் தடவை அதைக் கவனிக்கவேண்டியவன் உன் அண்ணன். வெயில் மண்டையைப் பிளக்கிறது என்று ஆட்கள் கழற்றினார்களாம், தடுக்கவேண்டிய நம் வீட்டுத் துரையும் அவர்களோடு சேர்ந்து கழற்றிவிட்டார். வெறுங்கைக்குப் போல்ட்டெல்லாம் சுலபமாக ஏறிவிட்டது. கூரை மூலைத் தகட்டுக்குப் பின்னால் கையுறை விரல் நுழையாது என்பது அங்கே நீ முடுக்கும்போதுதான் தெரிந்திருக்கிறது. "ஒரு வாட்டிதானேம்மா, என்ன ஆயிடப்போகுது" என்றான், நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான். நேற்று நானே கையுறை மாட்டி அதே மாதிரி மூலையில் முயன்று பார்த்தேன், அழுகை வந்துவிட்டது.

உன்னை மட்டும் விடுவேனா? நுழையவில்லையென்றால் வேலையை நிறுத்தித் தகவல் சொல்லாமல், கையுறையைக் கழற்றி முடுக்கினாயாமே, உனக்கு மூளை இருக்கிறதா? அண்ணன் பெயர் கெட்டுவிடும் என்று மூடி மறைத்தாயாம், பெரிய தியாகி! வருகிற கப்பலில் கிளம்பி வந்து வைத்தியம் பார்த்தால் விரல் தப்பும், இல்லாவிட்டால் வெட்டத்தான் வேண்டும் என்கிறார் டாக்டரம்மா. கூரை முடியாமல் ஆராய்ச்சிக்காரர்களை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று நீ அடம்பிடிக்கிறாய். அந்தக் கப்பலை விட்டால் குளிர்காலம் முடிகிறவரை வேறு கப்பலே கிடையாது. உன் கூரை முடியும். கை நுழைகிற மாதிரி மூலைத் தகடுகளைப் புதிதாக அடித்து, கையுறையோடு கோத்துப் பார்த்து அந்தக் கப்பலிலேயே அனுப்புகிறேன். பூட்டுவதற்கு உன் அண்ணனே வருகிறான். குளிர்காலம் முழுக்க அவன் அங்கே கிடக்கட்டும், அவன் இறங்கிய கப்பலில் நீ ஏறு. இந்தக் கடிதத்தைத் தருவதும் அவன்தான், உன் முகத்தைப் பார்க்கப் பயந்துகொண்டு நிற்பான். நீ திட்டாதே, உன் பங்குக்கும் சேர்த்து நானே திட்டிவிட்டேன். கையை மட்டும் காட்டு.

பத்து விரலோடும் நீ நீடூழி வாழவேண்டும். கப்பலில் டாக்டரம்மா கொடுக்கிற மாத்திரையை வெறும் வயிற்றில் போடாதே.

இப்படிக்கு,
இன்னும் கோபம் ஆறாத அம்மா