அப்பாவின் போனில் என் தேடல்கள்

பிப்ரவரி 11, செவ்வாய்

இன்று மாட்டிக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் ஒரே ஒரு போன். உதவித்தொகைக்காக அந்தப் போனில்தான் பள்ளியில் எனக்கு மின்னஞ்சல் கணக்குத் திறந்து கொடுத்தார்கள். பள்ளிக் கணினியிலும் அதே கணக்கில்தான் நுழைகிறேன். அங்கே தேடுவதெல்லாம் அப்பாவின் போனிலும் தெரியும் என்று எனக்குத் தெரியாது.

சாயங்காலம் மரவள்ளி வியாபாரியின் கடையைத் தேடப் போனை எடுத்த அப்பா, அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னாடி இது? 'நர்சிங் காலேஜ் ஹாஸ்டல்'. 'பதினேழு வயசுல கல்யாணம் பண்ணலாமா'. இதெல்லாம் நானா தேடனேன்?"

அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தார். "போனு தானா எதனா காட்டிக்கினு இருக்கும், வுடுங்க."

"ஆமா, பங்குனில பரிசம் போட வராங்க, போனுக்கு இப்பதான் நர்சு படிக்க ஆச வந்துகீதா?"

"நான்தாம்பா தேடனேன்" என்றேன். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. அவர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். சாப்பிடவும் வரவில்லை.

தேடியதை எல்லாம் அழித்துவிடலாம், தனிக் கணக்கும் திறக்கலாம் என்று வகுப்புத் தோழி கலா முன்பே சொல்லியிருக்கிறாள். அழிக்க மாட்டேன். படிக்க வேண்டும், இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று அப்பாவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு இன்னும் தைரியம் இல்லை. நாளைக்கும் பள்ளியில் அதே கணக்கில்தான் தேடுவேன். விடுதிக்கு எவ்வளவு கட்டணம், விண்ணப்பம் எப்போது தருவார்கள், பரிசத்தை நிறுத்த யாரைக் கூப்பிட வேண்டும், எல்லாம் தேடுவேன்.

பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அவர் ஒவ்வொன்றாகப் படிக்கட்டும்.