விசிறி முன்னால் ஒரு ஹார்ட் டிஸ்க்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சௌக்கியம். உன் முழங்கால் வலி தேவலையா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? போனில் சொன்னால் பாதியிலேயே பதறிவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

என் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் சாகக் கிடந்தது. கடைக்காரர் கையை விரித்துவிட்டார். "உள்ள இருக்கறத மறந்துடுங்க. புதுசு போட்டுக்கலாம்" என்றார். மறப்பதாவது! புதியதை மட்டும் வாங்கிவந்து நானே கம்ப்யூட்டரின் மூடியைக் கழற்றினேன். பழையதில் இருப்பதைப் புதியதில் நகலெடுக்க ஆரம்பித்தால், பழையது சூடேறிப் பாதியில் நின்றுவிடுகிறது. மறுபடி ஆரம்பித்தாலும் அதே கதை. அப்பா அவசரப்படுத்தும்போது காபியை மேசை விசிறி முன்னால் வைத்து ஆற்றுவாயே, அந்த ஞாபகம் வந்தது. டிஸ்க்கையும் அப்படியே வைத்தேன்.

"பாத்துடி, அதுக்கு ஜலதோஷம் பிடிச்சிடப் போகுது" என்று அறைத்தோழி விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிக்கட்டும். எல்லாம் ஒன்று விடாமல் புதியதில் வந்து சேர்ந்துவிட்டது! புதியதை உள்ளே மாட்டியதும் கம்ப்யூட்டர் குதிரையாய் ஓடுகிறது. கடைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டிவிட்டுத்தான் ஓய்ந்தேன்.

சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க, நாம் வீடியோவில் பேசிய பதிவு ஒன்றைத் திறந்தேன். வழக்கம்போல் உன் நெற்றியும் கூரையில் சுற்றும் ஃபேனும்தான். "கேக்குதா? ஏய், கேக்குதாடி?" என்கிறாய்.

"கேக்குதும்மா" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

வேலைக்கு நேரமாகிவிட்டது. இனிமேல் பேசும்போது போனை நேராகப் பிடி அம்மா, முழு முகமும் தெரியட்டும். புது டிஸ்க்கில் இடம் நிறைய இருக்கிறது.

உன் மகள்