மாமாவின் மூன்று நாள் சட்டை

ஜூலை 3, திங்கள்

இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். எனக்கு எதிராக இருந்தாலும்.

பள்ளித் திரைப்பட மன்றத்துக்கு நான்தான் செயலாளர். உறுப்பினர்கள் நாலு பேர். வெள்ளிக்கிழமை ஒரு பழைய கறுப்பு வெள்ளைக் கொலைப் படம் போட வேண்டும். குற்றப் படம் என்றால் சரி, திகில் படம் என்றால் மன்றத்துக்கே பூட்டு என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். எது என்று விவரம் தெரிந்தவர் ஒருவர் எழுதித் தர வேண்டுமாம்.

அம்மாவின் தம்பி எங்கள் வீட்டு மாடியில்தான் இருக்கிறார். காவல் நிலையத்தில் ரைட்டர். அவரை விட விவரம் தெரிந்தவர் யார்?

மாலை மாமாவோடு படம் பார்த்தேன். கொலைகாரன் துணி அலமாரிக்குள், சட்டையோடு சட்டையாக நிற்கிறான். பேய் கிடையாது. "இதுல என்ன திகில்? செக்‌ஷன் போட்டா முடிஞ்சுது" என்று சிரித்தார். 'குற்றப் படம்தான், திகில் இல்லை' என்று எழுதியும் கொடுத்தார். சிரிப்புதான் கொஞ்சம் நீளம்.

ஜூலை 4

மாமா நேற்றைய சட்டையிலேயே வேலைக்குப் போனார்.

ஜூலை 5

அதே சட்டை. காலரில் மை.

"ஏன்டா, அலமாரி நிறைய இஸ்திரி போட்டு வச்சிருக்கேன், கண்ணு தெரியலையா?" என்று அம்மா பிடித்துக்கொண்டாள். கதவு இறுகிவிட்டதாம். நான் மாடிக்குப் போய் ஒரு விரலால் இழுத்தேன். திறந்தது. திரும்பினால் மாமா வாசல்படியிலேயே நிற்கிறார்.

"உள்ள... சட்டை மட்டும்தானே இருக்கு?"

பயந்தவர் பயமில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். இது பொய்ச்சாட்சி இல்லையா? மறைத்தால் படம் உண்டு, ஆனால் மறைத்ததையும் இங்கே எழுத வேண்டும். சொன்னால் மன்றம் போச்சு. இந்த நோட்டின் முதல் வரியை நான் ஏன் எழுதித் தொலைத்தேன்?

ஜூலை 6

சொல்லிவிட்டேன்.

அப்படி என்ன கதை என்று தலைமையாசிரியை கேட்டார். அலமாரிக் காட்சியை நான் கொஞ்சம் நன்றாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. மணி அடித்தும் அவர் எழுந்திருக்கவில்லை. அப்புறம் அனுமதிப் பதிவேடு வேண்டும் என்றார். அது அவருக்குப் பின்னால் இரும்பு பீரோவில் இருந்தது. சாவியை என்னிடம் நீட்டினார்.

"நீயே தெறம்மா. எனக்கு முட்டி வலி."

பீரோ திறக்க முட்டி எதற்கு?

'குற்றப் படம்' என்று பதிவேட்டில் எழுதினார். "திகில்னா நான் பயந்திருக்கணும்ல?" ஆனால் அரங்கில் எல்லா விளக்கும் எரிய வேண்டும். பிள்ளைகளின் பாதுகாப்புக்காம்.

ஜூலை 7, வெள்ளி

பிற்பகல் மூன்று மணி. ஜன்னல்களெல்லாம் சாத்தியாயிற்று. இருநூறு பேர். அத்தனை விளக்கு வெளிச்சத்தில் திரை பாதிதான் தெரிந்தது. முன்வரிசையில் தலைமையாசிரியை. பக்கத்தில் சிறப்பு விருந்தினராக மாமா, சலவைச் சட்டையில். (நான் எடுத்துக் கொடுத்தது.)

அலமாரிக் கதவு மெல்லத் திறந்தபோது இரண்டு பேரும் காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டார்கள். அதற்கப்புறம் யாரும் திரையைப் பார்க்கவில்லை. தலைமையாசிரியை திரும்பினார். இருநூறு முகங்களும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன.

காலை இறக்கவில்லை. குரலை மட்டும் கம்பீரமாக்கிக்கொண்டு, "லைட்டை அணைங்க" என்றார்.

விளக்குகள் அணைக்கப்பட்டன.