வாசித்துக் காட்டாத பாடம்

இன்று காலை இமைகள் ஒட்டிக்கொண்டு கண்ணைத் திறக்க முடியவில்லை. மருமகள் வெந்நீரில் நனைத்த துணியை நீட்டிவிட்டுத் தள்ளி நின்றுகொண்டாள். மெட்ராஸ் ஐ. துணியை ஒற்றியெடுக்கும்போது உன் முகம்தான் வந்தது.

எண்பதுகளின் நடுவில், ஓசூரில் நாம் ஒரே அறையில் இருந்த வருடம். தொழிற்சாலைக்கு ஜப்பானிலிருந்து எந்திரங்கள் வந்திறங்கியிருந்தன. அவற்றைப் பழகிவர ஒருவரை அங்கே அனுப்புவதாகச் சொன்னார்கள். பெங்களூர் மொழிப்பள்ளியில் நடக்கும் ஜப்பானியப் பரீட்சையில் நம் ஆட்களில் முதலாவதாக வருகிறவருக்கே அந்த இடம். தருமபுரியில் டிரங்குப் பெட்டி செய்பவரின் மகனான நீயும், காரிமங்கலத்து மானாவாரிக் காட்டுக்காரர் மகனான நானும் ஞாயிறுதோறும் வகுப்புக்குப் போனோம். இருவருக்கும் சேர்த்து ஒரே புத்தகம்.

எழுத்துகளைக் கண்டு நான் மிரண்டபோது, "பயப்படாதடா. ‘நான் வூட்டுக்குப் போறேன்’னு நாம சொல்ற அதே வரிசைலதான் அவங்களும் சொல்றாங்க" என்றாய். அந்த மொழி எனக்குப் பிடிபட்டது உன்னால்தான்.

பரீட்சைக்கு நான்கு நாள் இருக்கையில் உனக்குக் கண்நோய் வந்தது. புத்தகத்தை நீயே கொடுத்து, வேறு இடத்தில் தங்கிக்கொள்ளச் சொன்னாய். ஒன்றே ஒன்றுதான் கேட்டாய்.

"சாயங்காலம் வந்து வாசல்ல நின்னு வாசிடா. உள்ள இருந்தே கேட்டுக்கறேன்."

வருகிறேன் என்றேன். ஒரு நாளும் வரவில்லை. தொற்றிக்கொள்ளும் என்ற பயம்தான் என்று பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டேன். பயம் இருந்தது உண்மை. கண் நன்றாக இருந்தால் நீதான் முதலாவதாக வருவாய் என்று எனக்குத் தெரிந்திருந்ததும் உண்மை.

பரீட்சையன்று உன்னைக் கடைசி பெஞ்சில் தனியாக உட்காரவைத்தார்கள். தாளை மூக்கருகே பிடித்துப் பார்த்தாய். எழுத்தின் கோடுகள் ஒன்றோடொன்று கலங்கித் தெரிந்திருக்க வேண்டும். பாதியில் பேனாவை மூடிவிட்டாய். திரும்பும் பஸ்ஸில், நான் எப்படி எழுதினேன் என்று மட்டும் விசாரித்தாய். ஏன் வரவில்லை என்று கேட்கவேயில்லை.

நான் ஜப்பான் போனேன். ஏழாவது மாதம் ஊரிலிருந்து கடிதம் வந்தது. சனிக்கிழமை நீ வீட்டுக்குப் போன பஸ்ஸின்மேல் கிருஷ்ணகிரிக்கு முன்னால் லாரி மோதியிருந்தது. கடிதம் என் கைக்கு வருவதற்குள் உனக்கு நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவும் ஓதி முடித்திருந்தார்கள்.

திரும்பி வந்ததும் உன் வீட்டுக்குப் போனேன். உன் அத்தா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"கண்ணு நோவுல கெடந்தப்ப தெனம் வந்து படிச்சுக் காட்டுனீங்களாமே தம்பி. சொல்லிச் சொல்லி சந்தோசப்பட்டானுங்க."

வீட்டில் அப்படிச் சொல்லிவைத்திருக்கிறாய். என்னைக் காப்பாற்றவா, நண்பன் கைவிட்டதைச் சொல்லக் கூசியா, தெரியவில்லை. அவர் முகத்தைப் பார்த்து, "ஆமாங்க" என்றேன்.

அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். உண்மையைச் சொல்ல அந்த வீட்டில் இனி யாருமில்லை. ஓராண்டு பேசிய ஜப்பான் மொழி அநேகமாக மறந்துவிட்டது. அந்த "ஆமாங்க" மட்டும் என்னோடேயே இருக்கிறது.