வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடு

23 ஜூன் 2006, வெள்ளி

எட்டாம் வகுப்பில் நாவல் ஆரம்பித்தாயிற்று. வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடு நீதிபோதனை என்று கால அட்டவணையில் இருக்கிறது. நான் இந்தப் பள்ளிக்கு வந்து இரண்டு வருஷத்தில் அந்த நேரத்தில் யாரும் யாருக்கும் நீதி போதித்துப் பார்த்ததில்லை. அதை நான் எடுத்துக்கொண்டேன். நாற்பத்தோரு பிள்ளைகள், ஆறு புத்தகங்கள்.

கதை எளிமையானது. மழை பொய்த்த ஒரு வருஷம், பக்கத்து ஊருக்குத் தண்ணீர் விடக் கூடாது என்று ஊர்க்கூட்டத்தில் முடிவாகிறது. பாவாத்தாள் என்ற பெண் யாருக்கும் தெரியாமல் மதகைத் திறந்துவிடுகிறாள். அருஞ்சொற்பொருளை மனப்பாடமாக ஒப்பிக்கிற பிள்ளைகள், கதைக்குள் ஓடுகிற சொல்லைத் தாங்களே பிடிக்கட்டும். பிடித்ததை வைத்துப் பேசட்டும். இவ்வளவுதான் என் திட்டம்.

முதல் அத்தியாயம் முடிந்ததும், ஊர் எடுத்த முடிவு சரியா என்று கேட்டேன். செல்வக்குமார் எழுந்து நின்றான்.

"சரிங்க டீச்சர்."

"ஏன் சரி?"

"நீங்க சொன்னா சரிங்க டீச்சர்."

நான் எங்கே சொன்னேன்! உள்ளூர்ப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் அதே பதில். உசிலம்பட்டிப் பக்கமிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகளோ நேர் எதிர். முனீஸ் "தப்பு" என்றான், பக்கத்தில் இருந்தவன் "போடா" என்றான், அடுத்த நிமிஷம் ஒரு சட்டைப் பொத்தான் என் மேஜைக்கு வந்து விழுந்தது. பாதி வகுப்பு மறுத்தே பேசாது. மீதி வகுப்பு மறுத்தால் அடிதடி. நடுவில் நான். பிரமாதம்.

30 ஜூன், வெள்ளி

பனியன் கம்பெனியில் நூல் தீர்ந்து ஒதுக்கிய அட்டைக் கோன் ஒன்றைக் கொண்டுபோனேன். கோன் யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டும் பேசலாம். மறுக்க வேண்டுமென்றால், எதிராளி சொன்னதை முதலில் ஒருமுறை சொல்லிவிட்டு, அப்புறம் "ஆனாலும்" என்று தொடங்க வேண்டும்.

முனீஸ் கோனை வாயில் வைத்து ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு செய்தான். அதைத் தவிர யாரும் எதுவும் பேசவில்லை. அடிதடி இல்லை என்ற வரைக்கும் முன்னேற்றம்.

14 ஜூலை, வெள்ளி

இன்றைய யோசனை என்னுடையது அல்ல, சித்ராதேவியுடையது. அவள் அம்மா மூக்கம்மாள் கம்பெனியில் செக்கிங் வேலை. தப்பாக அச்சடித்து ஒதுக்கிய சைஸ் அட்டைகளை ஒரு பை நிறையக் கொண்டுவந்து கொட்டினாள்.

"டீச்சர், சொல்லுக்கும் சைஸ் போடுவோமா?"

போட்டோம். எல்லோருக்கும் தெரிந்த சொல் ஸ்மால். வாக்கியத்தை வைத்து ஊகிக்க முடிந்தால் மீடியம். வீட்டில் கேட்டால் தெரியும் என்றால் லார்ஜ். அகராதிதான் கதி என்றால் எக்ஸெல். அட்டையின் பின்பக்கம் சொல்லை எழுதிக் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டோம். வகுப்பு இப்போது ஏற்றுமதிக்குத் தயாரானது போலிருக்கிறது.

"மதகு" உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு ஸ்மால், கம்பெனி லைன் வீட்டுப் பிள்ளைகளுக்கு லார்ஜ். அதற்கே ஒரு விவாதம். "இசைவு" ஏகமனதாக எக்ஸெல். அகராதி பார்த்த பிறகு முனீஸ் வாக்கியம் அமைத்தான்: "எங்கப்பா இசைவு இல்லாமலே எங்கம்மா சினிமாவுக்குப் போச்சு." நூற்றுக்கு நூறு போட்டேன்.

"மறுப்பு" ஸ்மாலில் தொங்குகிறது. இத்தனை பேருக்கும் தெரிந்த சொல். எனக்கு மட்டும்தான் எக்ஸெல். போலியோ சொட்டு மருந்து, வாக்காளர் பட்டியல், ஆண்டுவிழாக் கோலாட்டம் - யார் எந்த வேலையைச் சொன்னாலும் "ஆகட்டுங்க" என்று சொல்லி வாங்கிக்கொண்டு வருகிறேன். ஊத்துக்குளியில் எங்கள் வீட்டில் எல்லோரும் அப்படித்தான். முகத்துக்கு நேரே "இல்லை" என்று சொல்வது எங்களுக்குக் கெட்ட வார்த்தை.

28 ஜூலை, வெள்ளி

வருகைப் பதிவுக்குத் தவிர வாயே திறக்காத வேலாத்தாள் இன்று கோனை வாங்கி "ஆனாலுங்க..." என்றாள். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. வகுப்பே கைதட்டியது.

9 ஆகஸ்ட், புதன்

ஹெட்மாஸ்டர் தண்டாயுதபாணி சார் வராந்தாவில் நிறுத்தினார். எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவர் அவர்தான்.

"அன்புசெல்வி டீச்சர், எட்டாவது பசங்க கணக்குல ரொம்ப மோசமுங்க. வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட நான் எடுத்துக்கட்டுங்களா? வருசம் பூராவும்."

"ஆகட்டுங்க சார்."

அவ்வளவுதான். நான்கு நொடி. சிரித்துக்கொண்டே வேறு சொன்னேன். சிரிப்பு எதற்குடி?

11 ஆகஸ்ட், வெள்ளி

கடைசிப் பீரியடு ஆசிரியர் அறையில் உட்கார்ந்து நோட்டுத் திருத்தினேன். அடுத்த அறையில் வர்க்கமூலம். மணி அடித்ததும் சித்ராதேவி வாசலில் வந்து நின்றாள்.

"பாவாத்தாளு மதகத் தெறந்தாளா இல்லையா டீச்சர்? அத மட்டும் சொல்லுங்க, போயிருதேன்."

சொல்லவில்லை. கோபமாக வருகிறது. சார்மேல் அல்ல, என்மேல்தான்.

17 ஆகஸ்ட், வியாழன்

வழி கண்டுபிடித்துவிட்டேன்! மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால், புங்கமரத்தடி. மூன்று நாளாக நடக்கிறது. பிள்ளைகளிடம் "ஹெட்மாஸ்டர்கிட்டச் சொல்லாதீங்க" என்று சொல்லிவிட்டேன். சமையல் செய்யும் செல்லத்தாய் அக்கா காவல்; சார் அந்தப் பக்கம் வந்தால் கரண்டியால் பானையில் இரண்டு தட்டு. உடனே புத்தகங்கள் பாவாடைக்குள்ளும் சட்டைக்குள்ளும் போய்விடும், நான் மரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். ஒரே குஷி. இருபத்தெட்டு வயசில் எனக்கு இது தேவையா என்று கேட்டால், தேவைதான்.

25 ஆகஸ்ட், வெள்ளி

இன்று புங்கமரத்தடியில் அந்த அத்தியாயம். பாவாத்தாள் மதகைத் திறந்துவிட்டாள். செய்தது சரியா?

சித்ராதேவி கோனைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். "சரிதேன். அந்த ஊர்ல பிள்ளைக தண்ணியில்லாமக் கெடக்கு. இவ கேட்டா மட்டும் விட்ருப்பாய்ங்களா?"

கோன் செல்வக்குமாரிடம் போனது. "சரிங்க" என்பதைத் தவிர வேறெதையும் சொல்லாத செல்வக்குமார்!

"சித்ராதேவி சொல்றது, கேட்டாலும் உட்டிருக்க மாட்டாங்க, அதனால கேக்காம செஞ்சது சரின்னு. ஆனாலுங்க, அவ ஊர்க்கூட்டத்துல ஒரு வார்த்த கேக்கவே இல்லீங்களே. கேக்காமயே எப்படிங்க தெரியும்? நல்ல வேலைய ஏனுங்க ஒளிஞ்சு செய்யோணும்?"

 சித்ராதேவி யோசித்தாள். முனீஸ்கூட யோசித்தான். வேலாத்தாள் கோனுக்குக் கை நீட்டி, வாங்கி, மெதுவாகச் சொன்னாள்: "அவளுக்கு ஊர் மேல கோவமில்லீங்க. பயமுங்க."

அந்த நேரம் பார்த்துப் பானையில் இரண்டு தட்டு. பிள்ளைகள் கையிலிருந்த புத்தகங்களை ஒளித்தார்கள். நானும் ஒளித்தேன். என் கையிலிருந்த புத்தகத்தை முந்தானைக்குள் திணித்துக்கொண்டு நிமிர்ந்தால், செல்வக்குமார் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறான். கேலியாக இல்லை. பாவமாக.

வெட்கமாக இருந்தது. இப்போது எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது. யாரிடம் நான் என்ன கேட்டேன்? ஒன்றுமே கேட்கவில்லையே. ஆகட்டுங்க என்று சொல்லிவிட்டு, அந்த மனுஷர் பீரியடை என்னிடமிருந்து பறித்துக்கொண்ட மாதிரி மரத்தடிக்கு வந்து ஒளிந்துகொண்டேன். பிள்ளைகளுக்கும் ஒளிக்கக் கற்றுக்கொடுத்தேன்.

28 ஆகஸ்ட், திங்கள்

ஹெட்மாஸ்டர் அறைக்குப் போனேன். "ஏதாச்சும் வேணுங்களா டீச்சர்?" என்றார். "சாக்பீஸ் தீந்துபோச்சுங்க சார்" என்றேன். ஒரு பெட்டி சாக்பீஸுடன் திரும்பி வந்தேன். பீரோவில் ஏற்கெனவே மூன்று பெட்டி இருக்கிறது.

29 ஆகஸ்ட், செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

பஸ்ஸில் பள்ளி இருக்கும் மங்கலம் வரும்வரை ஒத்திகை பார்த்த வாக்கியம் ஒன்றுகூட வாயில் வரவில்லை. "சார், அந்த வெள்ளிக்கிழமைப் பீரியடு எனக்கு வேணுமுங்க. அன்னைக்கு ஆகட்டும்னு சொன்னது என் தப்புங்க. மத்தியானத்துல உங்களுக்குத் தெரியாம நாவல் நடத்தீட்டிருக்கறனுங்க. அதுவும் தப்புங்க." மூச்சு விடாமல் கொட்டிவிட்டு மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஏனுங்க டீச்சர், அன்னைக்கே சொல்லியிருக்கலாமுல்லங்க? கேட்ட ஒடனே ஆகட்டுங்கன்னீங்க. செரி, உங்களுக்கு வேண்டாமாட்ட இருக்குதுன்னு எடுத்துக்கிட்டேன்." அப்புறம், "மத்தியானச் சங்கதி தெரியுமுங்க. நான் வர்றப்ப மட்டும் செல்லத்தாய் எதுக்குப் பானையத் தட்டோணும்?"

நிலம் பிளக்கவில்லை. பிளந்திருந்தால் இறங்கியிருப்பேன்.

ஆனால் கொடுத்துவிடவும் இல்லை. கணக்கும் முக்கியம் என்றார். வெள்ளிக்கிழமை தானும் வந்து உட்கார்ந்து பார்ப்பதாகவும், அதற்குப் பிறகுதான் முடிவு என்றும் சொன்னார். அது நியாயம். 

1 செப்டம்பர், வெள்ளி

சார் கடைசி பெஞ்சில். கேள்வி: ஊர் பாவாத்தாளைத் தண்டிக்கலாமா? முதல் பத்து நிமிஷம் எல்லோரும் அவரையே திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். உள்ளூர்ப் பக்கம் பழையபடி சரிங்க, சரிங்க. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

அப்போது சார் கோனைக் கேட்டு வாங்கினார். ஊர்க் கட்டுப்பாடு என்றால் என்ன என்று தொடங்கினார். அங்கிருந்து ஒழுக்கத்துக்குப் போனார். ஒழுக்கத்திலிருந்து தன் படிப்புக் காலத்துக்குப் போனார். சுவர்க் கடிகாரம் ஓடிக்கொண்டே இருந்தது. ஹெட்மாஸ்டரிடம் யார் சொல்வது? நான் சொல்ல வேண்டும். 

எனக்கு முன்னால் வேலாத்தாள் எழுந்தாள். 

"சார், நீங்க சொல்றது கட்டுப்பாடு வேணும், மீறினா தண்டிக்கோணும்னுங்க." கோனை நோக்கிக் கை நீட்டினாள். "ஆனாலுங்க சார், எங்களுக்கும் பேசோணுமுங்க. கோனைக் குடுங்க."

குடுத்தார். ஹெட்மாஸ்டர் எழுந்து மூன்று பெஞ்சு தாண்டி வந்து, இரண்டு கையாலும் குடுத்தார்! அப்புறம் அந்த வகுப்பை யாராலும் நிறுத்த முடியவில்லை. மணி அடித்ததைக்கூடச் செல்வக்குமார்தான் கவனித்தான்.

வெளியே வந்ததும் சார் என்னோடு சேர்ந்து நடந்தார். "என்ர கணக்குப் பீரியடுல ஒருத்தரும் எந்திரிச்சு ஏனுங்கன்னு கேட்டதில்லீங்க" என்றார். பிறகு, "பீரியடு உங்களுதுங்க டீச்சர். அந்தக் கோன் இன்னொண்ணு கெடைக்குமுங்களா?"

2 செப்டம்பர், சனி

மூக்கம்மாளிடம் சொல்லி அனுப்பினேன். நான்கு கோன் வந்திருக்கிறது.

8 நவம்பர், புதன்

தீபாவளிக்குத் தெற்கே போன குடும்பங்கள் ஒருவழியாகத் திரும்பிவிட்டன. வகுப்பு நிறைந்துவிட்டது. முனீஸ் ஊரிலிருந்து ஏழு சொல் கொண்டுவந்திருக்கிறான்; ஏழும் எக்ஸெல், இரண்டைத் தொங்கவிட முடியாது.

சாயங்காலம் ஹெட்மாஸ்டர் வராந்தாவில் நிறுத்தினார். அடுத்த வாரம் இன்ஸ்பெக்‌ஷன் வருகிறதாம். இந்த ஒரு வெள்ளிக்கிழமை மட்டும் கடைசிப் பீரியடைக் கணக்குக்குத் தர முடியுமா என்று கேட்டார்.

"இல்லீங்க சார்" என்றேன். "அன்னைக்குக் கடைசி அத்தியாயமுங்க."

"ஆகட்டுங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குப் போனார்.

ஊத்துக்குளி பஸ்ஸில் பாதி வழி வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. இல்லை என்று சொன்னதற்கு மன்னிச்சுக்குங்க என்று சொல்ல மறந்தே போய்விட்டேன்.