இடது பின்சக்கரம்

ஜூலை 8, திங்கள்
எஸ்டேட் காரை டிரைவர் சென்றாயன் காலையில் என் ஷெட்டுக்குக் கொண்டுவந்தார். ஏ.பி.எஸ். விளக்கு நான்கு நாளாக எரிகிறதாம். ஸ்கேனரை மாட்டினேன். இடது பின்சக்கர சென்சாரிலிருந்து தகவல் வரவில்லை. எலி வயரைக் கடித்திருக்கும் என்று நினைத்தேன். வயர் நன்றாக இருந்தது. சென்சாரைத் துடைத்து மாட்டினேன். கொஞ்ச தூரம் ஓட்டியதும் திரும்ப எரிந்தது. சக்கரத்தைக் கழற்றிய பிறகுதான் தெரிந்தது — உள்ளே இருக்கும் பல் வளையம் துருப்பிடித்து வெடித்திருக்கிறது. சக்கரம் பூட்டும் ஹப்போடு சேர்த்து மாற்ற வேண்டும். சேலத்தில்தான் கிடைக்கும்.

"பிரேக் புடிக்குதுங்களே அண்ணா, அப்புறம் என்னங்க?"

"காஞ்ச ரோட்டுல புடிக்குங்க. மழையில ஏ.பி.எஸ். இல்லாம அழுத்திப் புடிச்சீங்கன்னா சக்கரம் பூட்டிக்கும். ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் வண்டி நேராத்தான் போகும்."

ஜூலை 9
எஸ்டேட் மேனேஜர் வெங்கடாசலம் போனில். "ஏனுங்க செபாஸ்டின், விக்கப் போற வண்டிக்கு எதுக்குங்க புதுச் சாமான்? திங்கக்கெழமை பார்ட்டி வர்றாங்க. லைட் எரியக் கூடாது, அவ்வளவுதான்."

தப்புங்க என்றேன். அதுவரை வண்டி எஸ்டேட்டை விட்டு நகராது என்றார். பிறகு நிதானமாக, "ஜீப்பு, டிராக்டரு எல்லாம் உங்ககிட்டத்தான் வருது. வேற ஆள் பாக்கட்டுங்களா?"

குரலில் கோபமே இல்லை.

ஜூலை 10
மீட்டரைக் கழற்றி அந்த விளக்கின் மேல் கறுப்பு டேப் ஒட்டினேன். இருபது நிமிட வேலை.

சென்றாயன் வண்டியை எடுக்க வந்தார். "லைட்டு போயிருச்சுங்களே. நொம்ப சந்தோசமுங்கண்ணா. பயந்துக்கிட்டேதான் ஓட்டிட்டு இருந்தேன்."

சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. மெதுவாப் போங்க என்று மட்டும் சொன்னேன். எல்லாரிடமும் சொல்வதுதானே அது?

ஜூலை 12
மழை. வண்டி எஸ்டேட்டில்தான் நிற்கும்.

ஜூலை 15, திங்கள்
நிற்கவில்லை. வாங்குகிறவர் வரவில்லை என்றதும், ஏதோ காகிதத்தைக் கொடுத்து சென்றாயனைச் சேலத்துக்கு அனுப்பியிருக்கிறார் மேனேஜர். மழையில் நனைந்த ரோடு. கொண்டை ஊசி வளைவில் எதிரே பஸ். பிரேக்கை அழுத்தியிருக்கிறார். கார் திரும்பாமல் நேராகப் போய்ச் சுவரில். வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

நான்தான் டேப்பை ஒட்டுனேன். அந்த ஆளு என்னை நம்பித்தானே மலையெறங்குனாரு?

ஜூலை 16
நொறுங்கிய காரை என் ஷெட்டுக்கே இழுத்து வந்தார்கள். கூடவே மேனேஜர். "வியாழக்கெழமை வண்டியப் பாக்க மோட்டார் வாகன ஆய்வாளர் வர்றாருங்க. அதுக்குள்ள அந்தச் சக்கரத்தைச் சரி பண்ணிருங்க. டேப் ஒட்டுனது நீங்க. எனக்கு அதெல்லாம் தெரியாதுங்க."

ஜூலை 17
சேலம் போய் ஹப் வாங்கி வந்தேன். பழையதைக் கழற்றி, புதியதைப் பூட்டி, டேப்பையும் பிரித்தேன் — மொத்தமே அரை நாள். பின்பக்கத்தில் ஒரு கீறல்கூட இல்லை. டிரைவர் சீட்டில் ரத்தம் காய்ந்திருந்தது. அதன் மேல் கையை ஊன்றித்தான் சாவியைத் திருப்பினேன். விளக்கு எரிந்தது. மூன்று விநாடியில் அணைந்தது.

ஜூலை 18
"ஏ.பி.எஸ். வேலை செய்யுதா?" என்று கேட்டார் ஆய்வாளர்.

"செய்யுதுங்க." பொய்யில்லை.

டிரைவரின் கவனக்குறைவு என்று எழுதிக்கொண்டார்.

ஜூலை 21, ஞாயிறு
சர்ச்சில் பூசைக்குப் போகவில்லை. ஏன் என்று என் மனைவி புஷ்பம் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 3
சென்றாயனின் மனைவி அம்மணி வந்தார். எஸ்டேட் ஆட்களுக்குக் கொடுக்கும் லைன் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்களாம்.

"பிரேக் புடிச்சேன், வண்டி திரும்பலீன்னு ஊட்டுல ஒரே பொலம்பலுங்க. வண்டியிலதான் கோளாறுங்கறாரு. நீங்கதானுங்க பாத்தீங்க. அவரு சொல்றது நெசமுங்களா?"

கையில் கிரீஸ். துடைத்துக்கொண்டே இருந்தேன். "பதட்டத்துல பிரேக்குன்னு நெனச்சு ஆக்சிலேட்டரை மிதிச்சிருப்பாருங்க."

இதை நான் யோசித்து வைத்திருக்கவில்லை. தானாக வந்தது. அவ்வளவு சுலபமாக.

ஆகஸ்ட் 11, ஞாயிறு
சென்றாயன் வந்தார். ஒரு கையில் ஊன்றுகட்டை, மறு கை அம்மணியின் தோளில். மஞ்சக்குட்டையில் மச்சான் வீட்டுக்குக் குடிபோகிறார்கள். சாமான் ஏற்றிய ஜீப்பை ரோட்டில் நிறுத்திவிட்டு, என்னைப் பார்ப்பதற்காக இறங்கி வந்திருக்கிறார்.

"ஆஸ்பத்திரியில நாலு பேருகிட்ட உங்க வேலையைக் குத்தம் சொல்லிட்டனுங்கண்ணா. நீங்க சொன்னதை இவ வந்து சொன்னா. யோசிச்சுப் பாத்தா, நாந்தான் மாத்தி மிதிச்சுட்டேன் போல. மனசுல வெச்சுக்காதீங்க."

நாற்காலியை எடுத்துப் போட்டேன். பரவாயில்லீங்க என்றேன்.