எறும்பு மொய்த்த பாட்டில்

அப்பாவுக்கு,

நேரில் சொல்ல வெட்கம். அதனால் கதையாக எழுதியிருக்கிறேன்.

அந்தமானில், ரங்கத் ஊரில் கண்ணையா என்று ஒருவர் இருந்தார். புராஸ்டேட் புற்றுநோய் முற்றி, சிறுநீரில் ரத்தம் போனது. நிறம் பார்க்க பாட்டிலில் பிடித்து வைக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். ஆஸ்பத்திரிக்குப் பயந்த கண்ணையா, நேற்று பாட்டிலில் இளநீரை ஊற்றி வைத்துவிட்டு, "பாரு பானு, கண்ணாடியாட்டம் இருக்கு! போர்ட் பிளேர் ஆஸ்பத்திரி கேன்சல்!" என்றார். மகளும் நம்பினாள். காலையில் பாட்டிலைச் சுற்றி எறும்பு ஊர்வலம். சர்க்கரை நோயும் வந்துவிட்டதோ என்று அழுதவள், குளியலறை வாளிக்குப் பின்னால் இளநீர்க் கூட்டையும் ரத்தத்தில் சிவந்த துண்டையும் கண்டாள்.

கதை முடியவில்லை. ஜீப் பிடித்துவரப் போகிறேன். கஞ்சி மூடியிருக்கிறது. பக்கத்து வீட்டு பிஸ்வாஸ் அங்கிள் துணைக்கு வருவார். "பானி பியோ, கண்ணையா!" என்று தண்ணீர் குடிக்கச் சொல்லி அதட்டுவார், குடியுங்கள். ரத்தம் கட்டியாக வந்தாலோ, சிறுநீர் அடைத்தாலோ உடனே அவரிடம் சொல்லுங்கள். வெட்கப்படாதீர்கள்.

ஆஸ்பத்திரியில் குழாய் போட்டுச் சிறுநீர்ப்பையைக் கழுவுவார்கள். அதிலும் ரத்தம் நிற்காவிட்டால் மெயின்லேண்டில் ரேடியேஷன் கரண்ட் வைக்கலாமாம். நானும் வருவேன்.

கோபம் இன்னும் போகவில்லை.

பானு

பி.கு.: மேசையில் இன்னொரு இளநீர் வெட்டி வைத்திருக்கிறேன். இது குடிப்பதற்கு.